களை பிடுங்கின கை

ஐயா, போன்ல சொல்ல முடியாததாலதான் எழுதுறேன். போன்ல நான் ஒரு விசயத்தை இழுத்து ஆரம்பிக்கிறதுக்குள்ள உனக்கு இன்னொரு லைன் வந்துடுது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா மாக்சிக் ரொக்கியா, எழுதிக் குடுங்க, படம் புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்பிடுறேன்னு சொன்னாங்க. வேணாம்னுட்டேன். அப்படி அனுப்பினா நீ பாத்த உடனே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிடுவ. அதனால ஜாசின் தபாலாபீசுல கொண்டுபோய்ப் போடப் போறேன். பெர்த்துக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ, ஆகட்டும். எழுத்து கோணலா இருந்தா கையைக் குத்தம் சொல்லாத. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே என் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். உங்கப்பா எத்தனையோ தடவை சொல்லிச் சிரிச்சிருக்காரு.

நல்ல சேதியை முதல்ல சொல்லிடுறேன். என் வலது கை சரியாயிடுச்சு. இந்த வாரத்தோட தெரபி முடிஞ்சுது, இனிமே வரவேணாம்னு எஸ்தர் மிஸ் சொல்லிட்டாங்க. உனக்கும் ரிப்போர்ட் அனுப்புவாங்க. அதைப் படிச்சா நீ சந்தோசப்படுவ, மருமக லலிதாகிட்ட காட்டுவ, ரெண்டு பேரும் அப்பாடான்னு இருப்பீங்க. நானும் சந்தோசப்படணும் இல்லையா? ஆனா அன்னைக்கு டுரியான் துங்கால்ல தெரபி முடிச்சு வீட்டுக்கு வந்து, கேட்டைப் பூட்டிட்டு நாற்காலியில உக்காந்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சுடா. சின்னப் புள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். அது ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

இந்தக் கை விழுறதுக்கு முந்தி நீ எப்பெப்ப கூப்பிடுவன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு. தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை, அப்புறம் ஏதாவது பாரம் நிரப்ப என் ஐசி கார்டு நம்பர் வேணும்னா ஒரு தடவை. நான் கோவிச்சுக்கிட்டுச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன். அப்புறம்தான் அந்த நாள் வந்துச்சு. அடுப்படியில தேங்காய் துருவிக்கிட்டு இருந்தவ, கையில இருந்த மூடி கீழ விழுந்ததைப் பாத்துக்கிட்டே நின்னேன். குனிஞ்சு எடுக்கலாம்னு பாத்தா கை வரல. வாயும் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. மாக்சிக் ரொக்கியா மட்டும் அன்னைக்குக் குழம்பு கொண்டு வராம இருந்திருந்தா, நீ இப்ப என் படத்துக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்திருப்ப. நீ பறந்து வந்த. ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, என் விரலை ஒவ்வொண்ணா மடக்கி நீட்டி விட்ட. உனக்கு விவரம் தெரிஞ்சதுக்கப்புறம் நீ என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தது அதுதான் முதல் தடவை. ஆனா அந்தக் கையிலதான் எனக்கு உணர்ச்சியே இல்ல. என்ன கொடுமை பாரு!

நீ திரும்பிப் போனதுக்கப்புறம் தினமும் கூப்பிட்ட. அதை நான் மறக்கல. "கை எப்படிம்மா இருக்கு? விரல் மடங்குதா?" வீடியோ போட்டு, நான் போனை என் முகத்துக்கு நேரா வச்சா, "மா, கையைக் காட்டும்மா, கையை"ன்னு கீழ எறக்கச் சொல்லுவ. நான் எறக்குவேன். நீ என் கையைப் பாத்துப் பேசுவ, நான் உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருப்பேன். வேலைக்குப் போற அவசரத்துல தலை சீவாம நிப்ப. தாடி வச்சிருக்க, உனக்கு அது நல்லாவே இல்ல. இதையெல்லாம் சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். அதுக்குள்ள "ஓகேம்மா, எக்சர்சைஸ் விடாம பண்ணு"ன்னுட்டுப் போயிடுவ. கை கொஞ்சம் தேற ஆரம்பிச்சதும் தினமும் வந்த போன் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆச்சு. பென்சில் புடிக்கிற அளவுக்கு வந்ததும் ஞாயித்துக்கிழமை மட்டும்னு ஆச்சு. பெர்த்துல என்ன மணியோ அதேதான் இங்கயும்னு நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்த. அதனால அங்க ராத்திரி ஆயிடுச்சும்மான்னு சாக்கு சொல்லவும் உனக்கு வழி இல்ல.

எஸ்தர் மிஸ்ஸோட இடத்தைப் பத்தி நீ ஒருநாளும் கேட்டதில்ல, அதனால நானே சொல்றேன். டுரியான் துங்கால்ல ஒரு பழைய வீடு, அதுக்குப் பின்னால விசாலமா நிலம், நடுவுல ரம்புத்தான் மரம். ஆஸ்பத்திரியில குடுத்த மாதிரி ரப்பர் பந்தை அமுக்கு, பிளாஸ்டிக் குச்சியை ஓட்டையில சொருகுன்னு அங்க எதுவும் கிடையாது. அந்தப் பந்தை நான் ஒருநாள் தூக்கி எறிஞ்சது உனக்குத் தெரியும். இங்க இடுப்பு உயரத்துக்குப் பலகைப் பெட்டி கட்டி அதுல மண்ணு போட்டு வச்சிருக்காங்க. நின்னுக்கிட்டே நாத்து புடுங்கி நடணும், செராய்ப் புல்லைக் கட்டா கட்டணும், பாண்டான் இலை கிள்ளணும், ஈரத்துணியைப் பிழிஞ்சு கொடியில போடணும். விபத்துல அடிபட்ட ஒரு சீனக் கிழவர் அங்க மண்ணு வெட்டுற சங்கோல் புடிக்கப் பழகுறாரு. பிள்ளைங்க வந்தா செருப்பைக் கழட்டிட்டு மணல்ல, சருகுல, ஈரப் புல்லுல நடப்பாங்க. மொத நாள் நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கல. "ஏம்மா, இதுக்கா யூனிவர்சிட்டியில போய்ப் படிச்ச?"ன்னு கேட்டுட்டேன். மிஸ் சிரிச்சாங்க. "ஆன்டி, கையை ஆட்ட வைக்கிறது என் வேலை இல்ல. அந்தக் கை வீட்டுல செஞ்ச வேலையைத் திரும்பச் செய்ய வைக்கிறதுதான் என் வேலை. ரூமுக்குள்ள வச்சா நீங்க பந்தைத்தான் தூக்கிப் போடுவீங்க"ன்னாங்க. பந்து விசயத்தை அவங்ககிட்ட யார் சொன்னது, நீதானே? உன் வாயை அடக்கவே முடியாது.

மாக்சிக் ரொக்கியாவோட பேரப்பிள்ளை அந்தப் பக்கம்தான் படிக்கிது. செவ்வாய்க்கிழமையானா அவங்க காடியில என்னையும் ஏத்திக்கிட்டுப் போயி எறக்கி விடுவாங்க. வாரத்துல அந்த ஒரு நாள்தான் நான் நல்ல சேலையா பாத்துக் கட்டுவேன். மத்த நாள்ல யார் பாக்கப் போறா? இந்தத் தாமான் குடியிருப்புல எல்லா வீட்டுலயும் வேலைக்குப் போயிடுறாங்க. டிவியைப் போட்டு விட்டுட்டு அடுப்படியில வேலை செய்வேன், வீட்டுக்குள்ள ஒரு குரல் இருக்கட்டுமேன்னுதான். உங்கப்பா இருந்த காலத்துல நாங்க ரெண்டு பேரும் அப்படி என்னத்தைப் பேசினோம்? லோரியில போயிட்டு வந்து சாப்பிட்டுட்டுப் படுத்துடுவாரு. இருந்தாலும், தண்ணி எங்கன்னு கேக்க ஒரு ஆள் இருந்தாரு.

இப்ப நான் பண்ணின கூத்தைக் கேளு. எஸ்தர் மிஸ்ஸோட தோட்டத்துல வேலி ஓரமா ஒரு மூலை இருக்கு. முழுக்கத் தொட்டாசிணுங்கி, லாலான் புல்லு, கோரை, என்னென்னமோ. வந்த நாள்லருந்து எனக்கு அதைப் பாத்தாலே கையரிப்பு. எவ்வளவு அழகா இடத்தை வச்சிருக்கா இந்தப் பொண்ணு, அந்த மூலையை மட்டும் இப்படி விட்டுட்டாளே, நாலு பேரு வந்து பாத்தா என்ன நினைப்பாங்கன்னு எனக்கு மானக்கேடா இருந்துச்சு. உனக்குத் தெரியாதுய்யா, நீ பொறந்தப்ப நான் எஸ்டேட்டுல புல்லு வெட்டுற கேங்குல இருந்தேன். என் நிரையில ஒரு லாலான் நின்னுச்சுன்னா போதும், மறுநாள் விடியக்காலையில பெரட்டுல பேர் கூப்பிடும்போது வேலை வாங்குற மண்டோர் அத்தனை பேருக்கு முன்னாடியும் நிக்க வச்சுக் கேப்பான். "ஏன், உன் மாமியாருக்கு வளக்குறியா?"ன்னு. அந்தப் பயம் ரத்தத்துல ஊறிப்போச்சு. இப்பவும் பாசாருக்கு நடந்து போகும்போது ரோட்டோரத்துல புல்லைப் பாத்தா எனக்குக் கால் நின்னுடும்.

அன்னைக்கு மிஸ் உள்ள யாரோ புதுசா வந்தவங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் மெதுவா அந்த மூலைக்குப் போயி முட்டி போட்டு உக்காந்தேன். முதல்ல இடது கையாலதான் இழுத்தேன். லாலான் வேர் விடுவேனான்னு நின்னுச்சு. எப்ப வலது கை வந்து சேந்துச்சுன்னு எனக்கே தெரியல. அடியில விரலைக் குடுத்து, மண்ணை நெகிழ்த்து, பக்குவமா ஒரு திருகு திருகி இழுத்துச்சு பாரு! நான் சொல்லல, அதுவாச் செஞ்சுச்சு. வெறி வந்த மாதிரி புடுங்கினேன். மூலை முழுக்க மொட்டை. செம்மண்ணு தெரிய சுத்தமா ஆக்கிட்டு, எழுந்து நின்னு, "மிஸ்! இங்க வந்து பாருங்க!"ன்னு கத்தினேன். அவங்க ஓடி வந்தாங்க. என் கையைப் பாத்தாங்க, மண்ணைப் பாத்தாங்க. வாயைப் பொத்திக்கிட்டு நின்னுட்டாங்க. "ஆன்டி, கை... ஐயோ ஆன்டி, என் செடி"ன்னாங்க. சிரிக்கிறாங்களா அழுறாங்களான்னு எனக்கு வெளங்கல.

அது அவங்க வேணும்னே வளத்த மூலையாம். புக்கிட் பெருவாங்லருந்து தர்ஷினின்னு ஒரு பொண்ணு வரும், ஆறு வயசு இருக்கும். பேச்சு இல்ல, யார் மூஞ்சியையும் பாக்காது, ஒரு இடத்துல நிக்காது. ஆனா அந்த மூலைக்குப் போனா மட்டும் குந்தி உக்காந்துடுமாம். தொட்டாசிணுங்கி இலையை ஒரு விரலால தொடும், அது மூடிக்கும். திரும்ப விரியிற வரைக்கும் அசையாமக் காத்துக்கிட்டு இருக்கும். அந்தப் பிள்ளை காத்திருக்கிற ஒரே விசயம் அதுதானாம். அன்னைக்கும் வந்துச்சு. செருப்பைக் கழட்டி எறிஞ்சுட்டு நேரா ஓடிச்சு. வெறும் மண்ணைப் பாத்துட்டு நின்னுச்சு. அப்புறம் தரையில உக்காந்து தன் தலையிலயே அடிச்சுக்கிட்டு ஒரு அலறல் அலறிச்சு பாரு, இன்னும் என் காதுல கேக்குது. அதோட அம்மா ஓடியாந்து கையைப் புடிச்சுக்கிட்டா. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தாகூடப் பரவால்ல. "பரவால்ல ஆன்டி, உங்களுக்குத் தெரியாதுல்ல"ன்னா. எனக்கு அங்கேயே பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு.

மறுநாளே மாக்சிக் ரொக்கியாவைக் கெஞ்சிக் கூட்டிக்கிட்டு நம்ம பழைய தோட்டத்துப் பக்கம் போனேன். இப்ப அங்க எல்லாம் செம்பனை மரந்தான். ரோட்டோரம் பூரா தொட்டாசிணுங்கி மண்டிக் கிடக்கு. வேரோட தோண்டித் தோண்டிப் பிளாஸ்டிக் பையில போட்டேன். மாக்சிக்குக்கு சிரிப்பு தாங்கல. "ஊர்ல எல்லாரும் இதைப் புடுங்கி எறிவாங்க, நீ என் காடியில ஏத்துறியே"ன்னு. ஏத்தும்போது ஒரு முள்ளு என் வலது நடுவிரல் நுனியில குத்திச்சு. ஆத்தாடி! வலிச்சுச்சுய்யா! ஆஸ்பத்திரியில ஊசியால குத்திப் பாத்தப்பகூட மரக்கட்டை மாதிரி இருந்த விரல் அது. நான் ரோட்டுல நின்னுக்கிட்டு, வலிக்குது, வலிக்குதுன்னு சிரிச்சேன். முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு தோணிச்சு. அங்கேயே நின்னு கூப்பிட்டேன். "மா, மீட்டிங்ல இருக்கேன், கை ஓகேவா?"ன்ன. ஓகேன்னேன். "சூப்பர்மா"ன்னுட்டு வச்சுட்ட. முள்ளைப் பத்தியோ, அந்தப் பொண்ணைப் பத்தியோ, காலம் பூரா களை புடுங்கினவ களைக்குத் தண்ணி ஊத்துறதைப் பத்தியோ சொல்ல வாய்ப்பே இல்ல.

கொண்டுபோய் அந்த மூலையில நட்ட செடியில பாதி வாடிப் போச்சு. மீதியை ஒரு பச்சைப்பிள்ளையைப் பாக்குற மாதிரி பாத்தேன். மண்டோர் மட்டும் அதைப் பாத்திருந்தா மாரடைச்சு விழுந்திருப்பான். பிழைச்சுப் படந்துச்சு, ஊதாப்பூகூட விட்டுச்சு. ஆனா தர்ஷினி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. வருது, குழாயடிக்குப் போகுது, தண்ணி சொட்டுறதைப் பாத்துக்கிட்டு நிக்குது. "அது வேற ஒண்ணைக் கண்டுபுடிச்சிருச்சு ஆன்டி, நல்லதுதான்"னு மிஸ் சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் மனசு ஆறல. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பிள்ளை அதைத் தொடல.

இனிமே சொல்லப் போறதுதான் எனக்குக் கூச்சமா இருக்கு. கடைசி நாள் டெஸ்ட். மண்சட்டியில மண்ணை நிரப்பி, நாத்து வச்சு, வலது கையால மட்டும் தூக்கிக்கிட்டுப் போயி அடுக்குல வைக்கணும். வச்சா முடிஞ்சுது. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் நீ சொன்ன, "கை மட்டும் முழுசாச் சரியாயிடுச்சுன்னா எனக்கு டென்சன் விட்டுதும்மா"ன்னு. சட்டியைத் தூக்கினப்ப அந்தப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. டென்சன் விட்டுச்சுன்னா நானும் உன் நெனப்பை விட்டுப் போயிடுவேனே. கை கனக்கவே இல்லய்யா. நல்லாத் தூக்கிச்சு. பாதி வழியில போட்டுட்டேன். சட்டி சுக்குநூறாச்சு.

எஸ்தர் மிஸ் உடைஞ்ச துண்டையெல்லாம் பொறுக்கிட்டு, மெதுவாச் சொன்னாங்க, "ஆன்டி, கை நழுவல. நீங்க விரலைத் தொறந்தீங்க." எனக்கு வந்துச்சு பாரு கோபம். "ஆமா, தொறந்தேன்! இப்ப என்னாங்கிற?"ன்னு அத்தனை பேருக்கு முன்னாடியும் கத்திட்டேன். சீனக் கிழவர் சங்கோலைக் கீழ போட்டுட்டாரு. மிஸ் என்னை ரம்புத்தான் மரத்தடியில உக்கார வச்சாங்க. உடைஞ்சு போயி எல்லாத்தையும் கொட்டிட்டேன். இந்தக் கையாலதான் என் மகன் எனக்குத் திரும்பக் கெடைச்சான், இது நல்லாயிட்டா அவன் பாட்டுக்கு அவன் போயிடுவான்னு. அவங்க ஞாயம் பேசல. எனக்கு அடுத்து ஒரு லோரி டிரைவர் காத்துக்கிட்டு இருக்காரு, சின்னப் பிள்ளைங்க இருக்கிற ஆளு, நான் இருந்தா அவரை வெளிய நிறுத்தணும்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம், "இதை உங்க மகன்கிட்ட சொன்னீங்களா ஆன்டி?"ன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது, அசிங்கமா இருக்காதான்னேன். "நானும் எங்கம்மாகிட்ட மாத்திரை போட்டீங்களான்னு மட்டும்தான் கேக்குறேன்"னாங்க. நான் எழுந்து இன்னொரு சட்டியை எடுத்து மண்ணை நிரப்பிக் கொண்டுபோய் அடுக்குல வச்சேன். எழுதிக்க, சரியாயிடுச்சுன்னு எழுதிக்கன்னேன்.

உன்னை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். நீ ஹாஸ்டல்ல இருந்து படிக்கும்போது நான் மட்டும் என்னத்தைக் கேட்டேன்? சாப்பிட்டியா, துணி துவைச்சியான்னுதான். ஒருநாள் நீ, "வேற ஒண்ணும் கேக்க மாட்டியாம்மா?"ன்ன. வேற என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியல, போனை வையின்னுட்டேன். உனக்கு அன்னைக்கு என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப கேக்குறேன், என்னய்யா ஆச்சு? உனக்கும் லலிதாவுக்கும் நான் சொல்றது இது ஒண்ணுதான். பேசுறதுக்கு ஒரு நோவு வேணும்னு பழகிக்காதீங்க. ஒருத்தரை ஒருத்தர் உடம்பு நல்லா இருக்கும்போதே கேட்டுக்கங்க. இன்னைக்கு என்ன பாத்த, யார்கூட சண்டை போட்ட, எதுக்குச் சிரிச்ச, இப்படி எதையாவது. உங்களுக்குப் பிள்ளை பொறந்தா அதுகிட்டயும் சாப்பாட்டைத் தாண்டி ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்லலைன்னாலும் கேளுங்க.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குப் போறதுக்கு இடம் இல்ல. மாக்சிக் காடி வீட்டைத் தாண்டிப் போகும், நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். என்னை அங்க கூப்பிட்டுக்கன்னு கேக்கல, வந்து என்கூட இருன்னும் கேக்கல. உனக்கு அங்க வேலை, குடும்பம், எனக்குப் புரியாம இல்ல. மிஸ் அனுப்புற ரிப்போர்ட்டுல எல்லாம் சரின்னு இருக்கும், அது பொய் இல்ல. இனிமே என்னைக் கூப்பிட்டா உனக்குக் கேக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது. அப்படியும் கூப்பிடுய்யா.